ஜப்பான் எதுக்கு... சாத்தார வீதிக்கு வாங்க!

மார்ச் மாசக் கடைசி வந்தா போதும். உங்க ஃப்ரெண்ட் யாராவது ஒருத்தர் செல்போனை நீட்டி ஒரு போட்டோ காட்டுவாங்க. ரோடு முழுக்க ரோஸ் கலர் மரங்கள். அடியில கை கோத்துக்கிட்டு நடக்குற ஒரு ஜோடி. 'வாழ்ந்தா இப்படி வாழணும்டா மச்சான்!'னு ஒரு பெருமூச்சு வேற!

அது ஜப்பானோட செர்ரிப் பூ. பூக்குற ரெண்டு வாரத்துல மரத்தடியில பாய் விரிச்சு, சாப்பாடு கட்டிட்டுப் போய், குடும்பம் குடும்பமா உட்கார்ந்து பூ பார்க்குறது அங்கே ஒரு திருவிழா. பேரு 'ஹனாமி'. கியோட்டோ நகரத்துல பூ எந்தத் தேதியில உச்சத்துக்கு வந்துச்சுன்னு கி.பி. 812-லிருந்தே குறிப்பு இருக்கு. அரசர் வீட்டு டைரியெல்லாம் புரட்டி ஒரு பேராசிரியர் தொகுத்திருக்கார். 2021-ல் மார்ச் 26-ந் தேதியே உச்சம் வந்துடுச்சு. அதுவரைக்கும் இருந்த 1,200 வருஷப் பதிவுல அதுதான் ரொம்ப சீக்கிரம். பூமி சூடாகுதுங்கறதுக்குப் பூவே சாட்சி!

சரி, டிக்கெட் விலை பார்த்தீங்களா? பார்க்காதீங்க. நெஞ்சு வலி வரும்.

எங்க பெரியம்மா பொண்ணுக்கும் இதே ஏக்கம்தான். அக்கா சென்னையில சாஃப்ட்வேர், நைட் ஷிஃப்ட். மாமா கோயம்புத்தூர்ல பம்ப் தயாரிக்கிற கம்பெனியில டிசைன் இன்ஜினீயர், டே ஷிஃப்ட். 2024 ஆவணியில கல்யாணம். முதல் வருஷம் முடியறதுக்குள்ள ஜப்பான் போகணும்னு உண்டியல் மாதிரி தனி அக்கவுன்ட்டே வெச்சிருந்தாங்க. ரெண்டு ஊர்ல ரெண்டு வீட்டு அட்வான்ஸ் அதை முழுங்கிடுச்சு!

அதோட நின்னிருந்தா பரவாயில்லை. 'யார் வேலையை விட்டுட்டு யார் ஊருக்கு வர்றது?'ங்கற கேள்வி நடுவுல வந்து உட்கார்ந்துடுச்சு. "கோயம்புத்தூர்ல கம்பெனியே இல்லையா?"ன்னு மாமா கேட்டிருக்கார். "சென்னையில பம்ப்பே இல்லையா?"ன்னு அக்கா திருப்பிக் கேட்டிருக்காங்க. அவ்வளவுதான்... ரெண்டு வாரமா 'சாப்டியா?' - 'ம்', 'நீ?' - 'ம்'. இதுக்கு மேல போன்ல ஒரு வார்த்தை இல்லை.

பெரியம்மா எனக்குப் போன் பண்ணி அழுதாங்க. நான் திருச்சியில இன்ஜினீயரிங் படிக்கிற ஹாஸ்டல்வாசி. சென்னைக்கும் கோவைக்கும் நடுவுல இருக்குற ஊர் எது? நம்ம ஊர்தான்! ரெண்டு பேருக்கும் ஒரே மெசேஜ் அனுப்பினேன்: 'ஜப்பான் எல்லாம் அப்புறம். பங்குனி உத்திரத்துக்கு ஸ்ரீரங்கம் வாங்க. நான் பூ காட்டுறேன்.'

2025-ல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. ஒரு நாள் லீவு போட்டா மூணு நாள் கிடைக்கும். வந்தாங்க. நீங்களும் கூட வாங்க... நான்தான் கைடு!

முழம் போடுற நேரம்

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் திருச்சி ஜங்ஷனுக்கு முன்னாடியே ஸ்ரீரங்கத்துல நிக்கும். விடியறதுக்கு முன்னாடி அக்கா இறங்கிட்டாங்க. மாமா கோவை பஸ்ல வந்து, 1-ம் நம்பர் டவுன் பஸ் பிடிச்சு ராஜகோபுரத்துக்கிட்ட இறங்கினார். அக்கா கோபுரத்தைப் பார்த்தாங்க. மாமா செருப்பைப் பார்த்தார். நான் ரெண்டு பேரையும் பார்த்தேன்.

அந்தக் கோபுரம் 236 அடி. ரொம்ப நாள் மொட்டையா நின்னு, 1987 மார்ச் 25-ல்தான் முழுசாகி கும்பாபிஷேகம் கண்டது. 'பாதியில நின்ன விஷயமெல்லாம் கூட முடியும் மாமா'ன்னு சொல்ல வந்தேன். அடி விழும்னு தோணுச்சு, விட்டுட்டேன்.

நேரா சாத்தார வீதி. ஸ்ரீரங்கத்தோட பூ மார்க்கெட் இங்கேதான். உள்ளே நுழையும்போதே மூக்கு வழி காட்டும். மல்லி, முல்லை, சம்பங்கி, அரளி, கனகாம்பரம், மரிக்கொழுந்து, துளசி... மூட்டை மூட்டையா வந்து இறங்குது. திருச்சிக்கு மேற்கே எட்டரை, கோப்பு, போசம்பட்டி பக்கமெல்லாம் மல்லிகைத் தோட்டம். கையில டார்ச்சோட இருட்டுலேயே செடிக்குள்ள இறங்கிடுவாங்க.

ஏன் அவ்வளவு அவசரம்? இங்கேதான் பாயின்ட். மல்லி மொட்டு காலையில இறுக்கமா மூடி இருக்கும். சாயங்காலம்தான் விரியும். ராத்திரி பறக்குற அந்துப்பூச்சியைக் கூப்பிடத்தான் அந்த வாசனையும் வெள்ளை நிறமும். வெயில் ஏறி மொட்டு லூஸாகிட்டா வெளியூருக்கு அனுப்ப முடியாது. "மொட்டுக்குத்தான் காசு தம்பி. மலர்ந்துட்டா சாமிக்கு ஆகும், வியாபாரத்துக்கு ஆகாது" என்றார் அங்கே மூட்டை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா.

இன்னொரு விஷயமும் சொன்னாங்க. பங்குனி தொடங்கி ஆனி வரைக்கும் செடி கொட்டோ கொட்டுன்னு கொட்டும். அப்போ விலை படுத்துடும். மார்கழிக் குளிர்ல விளைச்சல் குறையும்போது விலை எகிறும். ஆனா பறிக்கிற கூலி, நம்ம கையில பூ நிறைய இருக்குற நேரத்துலதான் அதிகம். ஆக, ஊரே மணக்குற சீஸன்லதான் பூக்காரங்க பையில காசு கம்மி! அடுத்த தடவை முழத்துக்கு அஞ்சு ரூபா பேரம் பேசுறப்போ இதை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.

ஓரமா உட்கார்ந்து ஒரு பாட்டி சரம் கட்டிக்கிட்டு இருந்தாங்க. ஊசி கிடையாது. தண்ணியில நனைச்ச வாழைநார்தான். ரெண்டு பூ இந்தப் பக்கம், ரெண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுத்து, ஒரு இழுப்பு... ஒரு கண்ணி ரெடி. கண் பார்க்குறது எங்களை, கை கட்டுறது பூவை! மாமா இன்ஜினீயர் ஆச்சே, உட்கார்ந்து உத்துப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். "இறுக்குனா காம்பு ஒடிஞ்சிடும். லூஸா விட்டா கொட்டிடும். இல்லையா பாட்டி?" என்றார்.

"குடும்பம் நடத்துற புள்ளைக்கு இது தெரியாதா என்ன?" என்றார் பாட்டி.

அக்கா முதல் தடவையா சிரிச்சாங்க. மாமா ரெண்டு முழம் வாங்கினார். ஆனா கையிலேயே வெச்சுக்கிட்டு நின்னார். கொடுக்கவும் இல்லை, அவங்க கேட்கவும் இல்லை.

பெருமாளுக்கே கதவு சாத்துறாங்க!

இப்போ கதை. கவனமா கேளுங்க, பரீட்சையில வராது, வாழ்க்கையில வரும்!

உறையூர்ல சோழ ராஜா ஒருத்தருக்குத் தாமரைக் குளத்துல கிடைச்ச பொண்ணு கமலவல்லி. அவங்களுக்கு அங்கே நாச்சியார் கோயில் இருக்கு. 108 திவ்ய தேசத்துல ரெண்டாவது. பங்குனித் திருவிழாவுல ஆறாம் நாள் ஆயில்ய நட்சத்திரத்தன்னிக்கு ஸ்ரீரங்கம் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் போய், கமலவல்லி நாச்சியாரோட ஒண்ணா உட்கார்ந்து சேவை சாதிப்பார். சேர்த்தி முடிச்சுட்டு ராத்திரியோட ராத்திரியா ஊர் திரும்புவார்.

ஸ்ரீரங்கத்துல இருக்குற ரங்கநாயகித் தாயாருக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்? கையில இருந்த மோதிரம் எங்கேன்னு கேட்டாங்களாம். 'தொலைஞ்சு போச்சு'ன்னு பெருமாள் சமாளிச்சாராம். ஊர்ல இப்படித்தான் கதை சொல்றாங்க. எந்த வீட்டுல இந்தப் பதில் செல்லும்?

உத்திரத்தன்னிக்குப் பெருமாள் தாயார் சந்நிதிக்கு வருவார். படார்னு கதவு சாத்தப்படும்! பல்லக்கு முன்னாடி போகும்... பின்னாடி வரும்... மறுபடி போகும்... உள்ளேயிருந்து பூவும் பழமும் வெண்ணெயும் பறந்து வரும். இதுக்குப் பேரு 'மட்டையடி'. சாஸ்திரமா சொன்னா 'பிரணய கலகம்'. ரெண்டு தரப்பு வாதத்தையும் அரையர்கள் படிப்பாங்க. கடைசியில பஞ்சாயத்துக்கு நம்மாழ்வார் வந்து சமாதானம் செஞ்சு வைப்பார். அப்புறம்தான் கதவு திறக்கும்.

கூட்டம் எப்படி இருக்கும்னு சொல்லணுமா? மூச்சு விட மூணு பேர்கிட்ட பர்மிஷன் கேட்கணும். அத்தனை பேரும் ஒவ்வொரு தடவை பல்லக்கு பின்னாடி வரும்போதும் சிரிச்சு ஆரவாரம் பண்றாங்க. எனக்குப் பக்கத்துல ஒரு மாமி தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "பார்த்துக்கோங்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்!

எனக்கு ஆச்சரியமா இருந்தது கலகம் இல்லை. அதை மறைக்காம, வருஷா வருஷம் ஊரைக் கூட்டி நடத்துறாங்களே, அதுதான். நம்ம வீடுகள்ல சண்டை நடந்தா முதல்ல ஜன்னலைத்தானே சாத்துவோம்? இங்கே சாமி வீட்டுச் சண்டை, திருவிழா! அதுலயும் யார் இறங்கி வர்றது? பெருமாள்தான்!

மதியத்துக்கு மேல பங்குனி உத்திர மண்டபத்துல சேர்த்தி. வருஷம் முழுக்கத் தனித்தனி சந்நிதியில இருக்குற தாயாரும் பெருமாளும் ஒண்ணா உட்கார்ந்து காட்சி தர்ற ஒரே நாள் இதுதான். ராத்திரி வரைக்கும் கூட்டம் குறையாது. இதே சேர்த்தியில்தான் ராமானுஜர் சரணாகதி கத்யம் சொன்னார்னு வைணவங்க நம்பிக்கை.

வரிசையில நாலு மணி நேரம் நின்னோம். வெளியே வந்தப்போ அக்கா தலையில ரெண்டு முழம் மல்லி இருந்தது. எப்போ மாறுச்சுன்னு நான் பார்க்கலை. சாயங்காலம் ஆயிடுச்சு இல்லையா... மொட்டெல்லாம் விரிய ஆரம்பிச்சிருந்தது.

சேவல் சண்டை

சனிக்கிழமை மரம் பார்க்குற நாள். பஸ்ஸுக்குக் காசு, தொப்பி, தண்ணி பாட்டில். வேற எதுவும் வேண்டாம்.

எங்க காலேஜ் வாசல்ல ஒரு சரக்கொன்றை. ஏப்ரல்ல இலையைக் கொட்டிட்டு உடம்பெல்லாம் மஞ்சளா தொங்க விட்டு நிக்கும். கேரளாவுல விஷுக் கனியில வைக்கிற அதே பூதான். தாய்லாந்துக்கு அதுதான் தேசியப் பூ. நாலு வருஷம் அதைக் கடந்து போறவங்கள்ல பாதிப் பேர் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டாங்க. ஏன்னா, மரம் நல்லா பூக்குற நேரம், நமக்கு இன்டர்னல்ஸ் நேரம்!

கொஞ்சம் தள்ளி குல்மோஹர். நம்ம ஊர் மரம்னு நினைச்சீங்களா? மடகாஸ்கர்லேர்ந்து வந்த விருந்தாளி. ஒரு பூவைக் கையில எடுத்துப் பாருங்க. அஞ்சு இதழ்ல நாலு ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணு மட்டும் வெள்ளையில சிவப்புப் புள்ளி போட்டு வேற டிசைன்ல நிக்கும். பூச்சிக்கு 'இங்கே இறங்கு'ன்னு சொல்ற சிக்னல் போர்டு!

மாமா கீழே கிடந்த மொட்டைப் பிரிச்சு, உள்ளே இருந்த கேசரத்தை எடுத்து அக்காகிட்ட நீட்டினார். "ஞாபகம் இருக்கா?"

யாருக்கு மறக்கும்? ஸ்கூல்ல எல்லாரும் ஆடின சேவல் சண்டை! ஒருத்தர் கேசரத்தை இன்னொருத்தர் கேசரத்துல மாட்டி இழுக்கணும். யார் தலை அறுந்து விழுதோ அவங்க அவுட். தோத்தா காபி வாங்கித் தரணும்னு பந்தயம். பதினோரு ரவுண்டு. எம்.என்.சி. டீம் லீடும் டிசைன் இன்ஜினீயரும் நடுரோட்டுல மண்ணுல உட்கார்ந்து சண்டை போடுறாங்க. வாட்ச்மேன் அண்ணன் அம்பயர். அக்கா 6-5-ல ஜெயிச்சாங்க!

மதியம் வெயில் தாழ்ந்ததும் ஸ்ரீரங்கம் மேலூர் தாண்டி நடுக்கரையில இருக்குற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல, சுமார் 25 ஏக்கர். 2015-ல் திறந்தது. இட்லிப்பூச் செடி வரிசையா வெச்சிருக்காங்க. பூச்சி இறங்கி, தேன் குடிச்சு, அடுத்த பூவுக்குப் போகுது. அங்கே ஒரு பெஞ்ச்ல ரெண்டு பேரையும் விட்டுட்டு நான் ஒரு மணி நேரம் 'போட்டோ எடுக்க' போயிட்டேன். என் செல்போன்ல சார்ஜே இல்லைங்கறது வேற விஷயம்.

திரும்பி வந்தப்போ பேசிக்கிட்டு இருந்தாங்க. சத்தமா. கோபமாவும்தான். "நீ கேட்கவே இல்லை, முடிவு பண்ணிட்டு சொன்னே"ன்னு அக்கா. "நீ மட்டும் என்ன கேட்டே?"ன்னு மாமா. நான் இன்னொரு அரை மணி நேரம் போட்டோ எடுத்தேன். 'சாப்டியா - ம்'மை விட இது எவ்வளவோ பெட்டர்!

அன்னிக்கு ராத்திரி திருவானைக்கா பார்த்தசாரதி விலாஸ்ல நெய் ரோஸ்ட். 1943-லிருந்து இருக்குற கடை. பந்தயக் காபி மாமா கணக்கு.

அணைஞ்ச அடுப்பு

ஞாயித்துக்கிழமை காலை, அம்மா மண்டபம் படித்துறை. கோடைங்கறதால காவிரியில மணல்தான் ஜாஸ்தி. உட்கார்ந்திருக்கும்போது ஒரு விஷயம் சொன்னேன். தமிழ் மன்றத்துல யாரோ பேசி, எனக்கு அப்படியே மனசுல நின்னது.

ஹனாமியைப் பெரிசா பேசுறோமே... நம்ம ஆட்கள் இதே காவிரிக் கரையில அதைச் செஞ்சிருக்காங்க! அகநானூறு 137-ம் பாட்டு. எழுதினவர் உறையூர் முதுகூத்தனார், நம்ம லோக்கல் புலவர். அவர் காலத்துலேயே உறையூர்ல பங்குனி விழா உண்டு. சனங்க ஆத்தங்கரைச் சோலைக்குப் போய், அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைச்சு, சாப்பிட்டுக் கொண்டாடியிருக்காங்க.

ஆனா பாட்டு விழாவைப் பத்தி இல்லை. விழா முடிஞ்ச மறுநாளைப் பத்தி! எல்லாரும் போயிட்டாங்க. மரங்களுக்கு நடுவுல நெருப்பில்லாத அடுப்புகள் மட்டும் கிடக்கு. வெறிச்சோடிப் போன அந்த இடம் மாதிரி, தலைவன் பிரிஞ்சு போவானோங்கற நினைப்புல தலைவியோட நெத்தி களையிழந்து போச்சாம். கிட்டத்தட்ட 2,000 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் நம்மளோட ஞாயித்துக்கிழமை சாயங்காலத்தை எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார்!

அக்கா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மாமாகிட்டே, "இன்னிக்கு ராத்திரி ரயில்ல ஏறினதும் எனக்கு அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் இருக்கு" என்றார்.

மாமா மணலைக் கிளறிக்கிட்டே இருந்தார். "எனக்குப் பஸ்ல ஜன்னல் சீட் பிடிக்காது. ஏன்னு கேட்டதில்லையே நீ... யாராவது டாட்டா காட்டுறதைப் பார்க்கவே முடியலை."

அங்கேதான் அந்த ஒப்பந்தம் போட்டாங்க. வேலையை யாரும் விடுறதில்லை. ரெண்டு பேருமே அவங்கவங்க கம்பெனியில டிரான்ஸ்ஃபர் கேட்குறது. யாருக்கு முதல்ல கிடைக்குதோ அவங்க போறது. ஒரு வருஷம் டைம். அதுவரைக்கும் மாசத்துல ஒரு சனி, ஞாயிறு திருச்சி. சாட்சி நான்!

மறுநாள் சித்திரை ஒண்ணு, ஊருக்கே லீவு. அமெரிக்க கிளையன்ட்டுக்கு அது தெரியாதே! ராத்திரி அக்காவை ரயில் ஏத்திட்டு, மாமாவை பஸ் ஏத்திவிட்டேன். ஜன்னல் சீட்தான் கிடைச்சது. கை காட்டினார்.

உங்க டைரிக்கு

நீங்க ஜோடியாகவும் வரலாம், கேங்காகவும் வரலாம், அம்மா அப்பாவைக் கூட்டிக்கிட்டும் வரலாம். தேதி மட்டும் தப்பாம பிடிங்க.

மாசி கடைசி ஞாயிறு: சமயபுரத்துல பூச்சொரிதல் ஆரம்பம். பக்தர்களுக்காக மாரியம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி இருக்குற நாட்கள் இவை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டும்தான் நைவேத்யம். லாரி லாரியா பூ வந்து அம்மனுக்குக் கொட்டும்.

பங்குனி: ஆயில்யத்துல உறையூர் சேர்த்தி, உத்திரத்துல மட்டையடி, ஸ்ரீரங்கம் சேர்த்தி.

ஏப்ரல், மே: சரக்கொன்றை, குல்மோஹர். உங்க காலேஜ்லேயே இருக்கும், தேடுங்க. ஸ்ரீரங்கத்துல கோடைத் திருநாளும் இந்தச் சமயத்துலதான். அதுக்குப் பேரே பூச்சாற்று உற்சவம். வெளிக்கோடை 5 நாள், உள்கோடை 5 நாள்.

சாத்தார வீதி: வருஷம் முழுக்க. விடியற்காலையில போங்க. மூட்டை தூக்குறவங்களுக்கு வழி விடுங்க. போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க.

கோவை, சென்னை பஸ்கள் 2025-லிருந்து பஞ்சப்பூர் புது நிலையத்துக்குப் போகுது. அங்கேயிருந்து டவுன் பஸ் மாறிக்குங்க.

கடைசியா, எல்லாரும் கேட்குற கேள்வி. 'டிரான்ஸ்ஃபர் கிடைச்சுதா?'

இதை எழுதுற வரைக்கும் ரெண்டு பேருக்கும் இல்லை. ஆனா மாசம் தவறாம வர்றாங்க. டிசம்பர்ல வந்தப்போ செம குளிர். மல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டி எங்கேயோ நின்னது. சாத்தார வீதியில மாமா விலை கேட்டார். பர்ஸைப் பார்த்தார். அதே பாட்டிகிட்ட அரை முழம் வாங்கினார்.

இந்த வாட்டி கையில வெச்சுக்கிட்டு நிக்கலை!